கோடு வளைந்த கண்ணாடி

பொறுமை என்ற சாமான் எங்கள் வீட்டில் ஒருவரிடம்தான் இருக்கிறது. அது நான் இல்லை. குக்கரில் ஆவி அடங்குவதற்குள் மூடியைத் திறக்கப் பார்க்கிறவள் நான். லிஃப்ட் வந்து நிற்கும்வரை பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டே இருப்பேன். அப்படிப்பட்டவள் போயும் போயும் உலகத்திலேயே மெதுவான கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு மாரடிப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரிக்காத நாள் கிடையாது.

அது படச்சுருள் காலத்து மீடியம் ஃபார்மேட் கேமரா. பார்க்கச் சதுரமான ஒரு இரும்புப் பெட்டி. முன்னால் லென்ஸ், மேலே மடக்கி விரிக்கிற ஒரு கூண்டு. கூண்டைத் திறந்து குனிந்து பார்த்தால் அடியில் மங்கலான ஒரு கண்ணாடி இருக்கும். கடைக்காரர்கள் அதை ஸ்க்ரீன் என்பார்கள். எதிரே இருப்பதெல்லாம் அந்த ஸ்க்ரீனில் இடம் வலமாக மாறி விழும். முன்பெல்லாம் பின்பக்கத்தில் படச்சுருள் பெட்டியை மாட்டுவார்கள். அதே இடத்தில் நான், சுருளில்லாமலே படத்தைப் பதிந்துகொள்கிற டிஜிட்டல் பேக் மாட்டியிருக்கிறேன். குகட்பள்ளியில் நகை விளம்பரம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஸ்டுடியோவை மூடியபோது வாங்கியது. மல்காஜ்கிரியில் எங்கள் வீடு வரைக்கும் ஆட்டோவில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். டிரைவர் அது சாமி சிலையா என்று கேட்டார்.

இந்த டிஜிட்டல் பேக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. விடியற்கால மங்கலில் அரை நிமிஷம் ஷட்டரைத் திறந்து வைத்துப் படம் எடுத்தால், மூடிய பிறகு அதே அரை நிமிஷம் அது சும்மா இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வராமல் தனக்குள்ளேயே உண்டாகிற புள்ளிகள் எவையெவை என்று அதற்குத் தெரிய வேண்டுமாம். தெரிந்த பிறகு படத்திலிருந்து அவற்றைக் கழித்துவிடும். அதுவரை தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது. எனக்கோ அந்த அரை நிமிஷம் உள்ளங்காலில் எறும்பு ஊறும். ட்ரைபாடைச் சுற்றிச் சுற்றி வருவேன்.

"உக்காரும்மா கொஞ்சம். அது மூச்சு விட்டுக்குது," என்பார் இவர், ஃப்ளாஸ்க் மூடியில் காபியை ஊற்றிக்கொண்டே. "உன்ன விட அதுக்குப் பொறுமை ஜாஸ்தி."

"நீங்களும் அதுவும் ஒரு ஜாதி. சேர்ந்து உக்காந்து தவம் பண்ணுங்க."

இப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் விடிந்துகொண்டிருந்தன. போலாரத்தில் ராணுவ மதில்களெல்லாம் முடிந்து இன்னும் வடக்கே போனால் ரோட்டுக்கு இடப்பக்கம் ஒரு பாறைக் குன்று. கல்யாண வீட்டில் கழுவிக் கவிழ்த்த அண்டாக்கள் மாதிரி பெரிதும் சிறிதுமாகப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். கல்யாணமாகி மதுரையிலிருந்து இந்தச் செகந்திராபாத் பக்கம் வந்த புதிதில் எனக்கு இங்கே எதுவும் பிடிக்கவில்லை. இவர் வீட்டில் மூன்று தலைமுறையாக ரயில்வே வேலை. தமிழில் தொடங்கி, தெலுங்கில் நடந்து, உருதுவில் கொண்டுபோய்ப் பேச்சை நிறுத்துவார்கள். எப்போது சிரிக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது. அந்த நாளில் ஒரு தடவை பஸ்ஸில் அந்தப் பக்கம் போனபோது இந்தக் குன்றைப் பார்த்தேன். அதனிடம் எந்த மொழியும் பேச வேண்டியதில்லை. சரி, இங்கே இருந்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தோன்றியது.

இப்போது அதை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். குன்றின் பின்பக்கத்தில் இயந்திரங்கள் வந்து இறங்கிவிட்டன. அங்கே அடுக்குமாடி வரப்போகிறது. முன்பக்கம் அவர்கள் கை வைப்பதற்குள் எனக்கு ஒரு படம் வேண்டும். ஒன்றே ஒன்று. கூடத்துச் சுவரில் தரையிலிருந்து மேல்தளம் வரைக்கும் பெரிதாக்கி மாட்டினாலும் ஒரு சிறுகல்கூடக் கலங்காத படம். அதற்காகத்தான் இந்தக் கேமரா. மொபைலில் எடுத்தால் மொபைல் அளவுக்குத்தான் நன்றாக இருக்கும். படம் வருவதற்கு முன்பே சுவரைக் காலி பண்ணியாயிற்று. மாமனார் மாமியார் படம்கூட அடுத்த சுவருக்குப் போய்விட்டது. "எங்கப்பாரு இப்ப ஃப்ரிட்ஜுக்கு மேல உக்காந்திருக்காரு," என்று இவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

படம் வந்தால்தானே? ஒவ்வொரு ஞாயிறும் போனோம், எடுத்தோம், வந்தோம். ஒவ்வொரு ஞாயிறும் கலங்கல்.

அந்தப் பழைய டிஜிட்டல் பேக்கின் முதுகில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை உண்டு. அதில் பார்த்தால் எல்லாப் படமும் அற்புதம்தான். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் முழு அளவில் திறந்தால்தான் வண்டவாளம் தண்டவாளம் ஏறும். நான் பார்க்கிற இடம் ஒன்று உண்டு. குன்றின் நடுப்பாறையில் எவனோ ஒரு போர்வெல்காரன் மஞ்சள் பெயின்டில் தெலுங்கில் விளம்பரம் எழுதி வைத்திருக்கிறான். கட்டையில் போறவன், அவ்வளவு அழகான பாறையில்! ஆனால் ஃபோகஸ் பார்க்க அதை விட வசதியான இடம் கிடையாது. லென்ஸைக் கடைசிவரை திருப்பிவிட்டால் தூரத்துப் பாறை தெளியும், முன்னால் நிற்கிற பாறை போய்விடும். நடுவில் இருக்கிற அந்த எழுத்துகளில் ஃபோகஸை நிறுத்தினால் இரண்டும் கிடைக்கும். திரையில் பார்த்து நிறுத்துகிற வசதியெல்லாம் அதில் இல்லை. கூண்டுக்குள் இருக்கிற பூதக்கண்ணாடியில் ஒற்றைக் கண்ணைப் பதித்து, லென்ஸைத் திருப்பித் திருப்பி, இதுதான் என்று மனசு சொல்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்துவேன். வீட்டில் வந்து பார்த்தால் அந்த மஞ்சள் எழுத்துகள் வெயிலில் உருகின வெல்லம் மாதிரி வழிந்து கிடக்கும்.

நான் வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் வேலை. ("எங்களுக்கு அதையே ஃப்ரீயாச் செஞ்சு தர்றா," என்பார் இவர்.) எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. தப்பு எங்கே என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் போட்டுக் குழப்பக் கூடாது. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை, மறுபடி ஓட்டிப் பார். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடமே அதுதான்.

அதன்படி ஒரு ஞாயிறு ட்ரைபாடை மாற்றினேன். கலங்கல். அடுத்த ஞாயிறு அதன் நடுவில் அரிசிப் பையைத் தொங்கவிட்டேன், ஆடாமல் இருக்க. கலங்கல். படம் எடுக்கும்போது உள்ளே படக்கென்று எழும்பி அதிர்கிற முகம்பார்க்கும் கண்ணாடியை முதலிலேயே தூக்கிவிட்டு எடுத்தேன். லென்ஸை இரவல் வாங்கி மாற்றினேன். இவர் நடந்தால் தரை அதிர்கிறது என்று ரோட்டில் காருக்குள்ளேயே உட்கார வைத்தேன். பாவம், அங்கிருந்தே கையை ஆட்டினார். கலங்கல், கலங்கல், கலங்கல். எனக்குத் தூக்கம் போயிற்று. கம்பெனியின் ஆன்லைன் கூட்டத்தில் ஒருவன் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் மேஜைக்குக் கீழே, ட்ரைபாட் காலுக்கு மாட்டுகிற ரப்பர் வளையங்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன். வேலையே ஓடவில்லை. 

அப்புறம்தான் ஸ்க்ரீன் மேல் சந்தேகம் வந்தது. பழைய ஸ்க்ரீன் இருண்டு கிடந்தது. அதில் எப்படி ஃபோகஸ் தெரியும்? செகந்திராபாத்தில் பழைய கேமராக்களைப் பழுது பார்க்கிற ஒரு கடையில் சொல்லி வைத்துப் புது ஸ்க்ரீன் வாங்கினேன். வெளிச்சமான ஸ்க்ரீன். அதோடு நெடுக்கும் குறுக்குமாகக் கட்டம் கட்டமாக மெல்லிய கோடுகள் போட்டது. அடிவானம் சாயாமல் எடுக்க அந்தக் கோடுகள் உதவும். மாட்டி, ஆசையாகப் பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்தேன்.

நடுவில் கோடுகள் வளைந்திருந்தன.

பெரிதாக இல்லை. ஓரத்தில் எல்லாம் நேர். நடுவில் மட்டும் இரண்டு மூன்று கோடுகள், ஸ்பீட் பிரேக்கர் மேல் ரோடு ஏறி இறங்குகிற மாதிரி ஏறி இறங்கின. வந்ததே எனக்குக் கோபம்! நேரே கடைக்குப் போனேன்.

கடைக்காரர் வாயில் பான். ஸ்க்ரீனைக் கழற்றி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், ஸ்கேலை வைத்துப் பார்த்தார். "சீதா ஹை மேடம்," என்றார். நேராகத்தான் இருக்கிறதாம்.

"நல்லா மாட்டிப் பாருங்க, பூதக்கண்ணாடியில பாருங்க," என்று என் உடைந்த ஹிந்தியில் கத்தினேன். அவர் மாட்டிப் பார்த்தார். மறுபடியும் "பில்குல் சீதா." என் சத்தத்துக்குப் பயந்தோ, வாடிக்கை போய்விடும் என்றோ, வேறொரு ஸ்க்ரீனை எடுத்து மாட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். அதுவும் வளைந்திருந்தது. அதே இடம், அதே மேடு. ஒரே லாட்டில் வந்த சரக்கு அத்தனையும் சொத்தை என்று முடிவு கட்டினேன். ஊரை ஏமாத்துற கூட்டம், நாசமாப் போக, என்று கூடத்தில் நின்று திட்டினேன்.

நான் அப்படி முடிவு கட்டியதில் என்ன தப்பு? எங்கள் வீட்டு வாசல் நிலை நேராக இருந்தது. ஜன்னல் கம்பி நேராக இருந்தது. மல்காஜ்கிரி ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று பார்த்தால் தண்டவாளம் நேராகப் போய் மறைந்தது. உலகத்தில் எல்லாம் நேர், அந்தக் கேமராவுக்குள் மட்டும் கோணல். இதைப் போய் யாராவது எனக்குச் சொல்லித் தர வேண்டுமா, தப்புக் கண்டுபிடித்தே சாப்பிடுகிறவள் நான்!

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இவர் பூதக்கண்ணாடியை மடக்கிவிட்டு, இரண்டு கையையும் முதுகில் கட்டிக்கொண்டு, கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி மேலேயிருந்து இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

"நேராத்தானம்மா இருக்குது."

"உங்களுக்கு எல்லாமே நேராத்தான் தெரியும். ஒழுங்கா கிட்ட வச்சுப் பாருங்க."

"நக்கோ, வேணாம். எனக்குக் குனிஞ்சா இடுப்பு புடிச்சுக்கும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். போகிற போக்கில் சிரித்துக்கொண்டே, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னு சொன்னாளாம்," என்று போட்டாரே ஒரு போடு!

எனக்குச் சுருக்கென்று தைத்தது. எத்தனை விடியற்காலம் எழுந்து, எத்தனை மாற்றிப் பார்த்து, கடைசியில் எனக்கு ஆடத் தெரியாதாம். அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. "அப்பாகிட்ட சாப்பாடு ரெடின்னு சொல்லு," என்று மகளை ஏவினேன். அவள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "நுவ்வே செப்பு மம்மி," என்றாள். தமிழில் சொன்னால் தெலுங்கில் திரும்பி வருகிற வீடு இது. நானே போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. அவருக்கு நான் கோபமாக இருந்ததே தெரியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அது அதைவிட எரிச்சலாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் நாங்கள் போனபோது குன்றின் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துகொண்டு எதிரே வந்தார். எங்களை அவருக்கு நன்றாகத் தெரியும். முதல் நாள், "கைக்கு மேடம், பத்தர் கா ஃபோட்டோ?" என்று, கல்லை எதற்குப் படம் பிடிக்கிறீர்கள் என்று கேட்டவர்தான். இவர் அவரோடு எப்போதும் பீடிக் கதை, பேரன் கதையெல்லாம் பேசுவார். அன்றைக்கு வாட்ச்மேன் நடுப்பாறையைக் கையால் காட்டினார். போர்வெல் விளம்பரத்துக்குக் கீழே சிவப்புப் பெயின்டில் புதிதாக ஒரு பெருக்கல் குறி.

இவர் அவரிடம் பேசிவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார். "நாளைக்கு முன்பக்கம் ஆரம்பிக்கிறாங்களாம். இன்னைக்குத்தான் கடைசி."

 மழை பெய்து ஓய்ந்த வாரம் அது. வானம் கழுவி வைத்த மாதிரி இருந்தது. சூரியன் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு வெளிச்சம் வரும். நிழலே விழாது, பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் தன் நிறத்தில் தெரியும். அதற்காகத்தான் இத்தனை நாளும் காத்திருந்தேன். அது வந்துகொண்டிருந்தது. ட்ரைபாடை விரித்தேன், அரிசிப் பையைத் தொங்கவிட்டேன், டிஜிட்டல் பேக்கின் கேபிளைச் சொருகினேன், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பூதக்கண்ணாடியில் குனிந்தேன். கோடுகள் வளைந்துதான் இருந்தன. எழுத்துகள் வழிந்தன. திருப்பினேன், இன்னும் திருப்பினேன், தாண்டிப் போய் மறுபடி வந்தேன். எங்கே நிறுத்துவது என்று பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு டிப்பர் லாரி. ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டுகிறார்கள், அவர்களுக்கும் அவசரம். கல் பொடியை மூடாமல் ஏற்றிக்கொண்டு எங்களை உரசிப் போயிற்று. உதறி எழுந்த பொடி நிமிர்ந்த என் வலது கண்ணில் அப்படியே விழுந்தது.

"ஐயோ, சனியன் புடிச்சவனே!"

"கசக்காத, கசக்காத!" இவர் ஓடி வந்து இமையைத் தூக்கி ஊதினார். காபி வாசனையோடு ஊதினார். கண் மிளகாய் பட்ட மாதிரி எரிந்து நீர் கொட்டிற்று. "வெளிச்சம் போயிரும், விடுங்க, விடுங்க," என்று அவரைத் தள்ளிவிட்டு, வலது கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணைப் பூதக்கண்ணாடியில் வைத்தேன்.

கோடுகள் நேராக இருந்தன.

நெடுக்கும் குறுக்கும், ஓரமும் நடுவும், நூல் பிடித்த மாதிரி நேர். அவற்றுக்குப் பின்னால் போர்வெல்காரனின் எழுத்துகள் இடம் வலமாகத் திரும்பி நின்றன. லென்ஸைக் கொஞ்சம் திருப்பினேன். பளிச்சென்று கூடி வந்தன. இன்னும் துளி திருப்பினால் கலைந்தன. மறுபடி கூடி வந்தன. இதுதான் இடம், சந்தேகமே இல்லை.

"அட, சரியாயிடுச்சுங்க!" என்று கத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு வந்தது சந்தோஷம் மட்டும்தான். லாரி போன அதிர்ச்சியில் ஸ்க்ரீன் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஷட்டரைத் திறந்தேன். அரை நிமிஷம். மூடினேன். டிஜிட்டல் பேக் தன் வழக்கப்படி இருட்டைப் பார்க்க ஆரம்பித்தது. நான் ட்ரைபாடைச் சுற்றவில்லை. நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தேன். இவர் வாட்ச்மேனுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

இந்தக் கேமராவில் ஒரு படம் எடுத்ததும் ஸ்க்ரீன் இருண்டுபோகும். பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினால்தான் மறுபடி தெரியும். பேக் தன் வேலையை முடித்துச் சின்னதாக ஒலி எழுப்பியது. இன்னொன்று எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று கைப்பிடியைச் சுற்றினேன். அதற்குள் வலது கண்ணில் எரிச்சல் அடங்கியிருந்தது. நன்றாகத் துடைத்துக்கொண்டு, எப்போதும் போல வலது கண்ணை வைத்துப் பார்த்தேன்.

வளைந்திருந்தது. அதே மேடு, அதே இடம்.

பொடி இன்னும் இருக்கிறது போலிருக்கிறது என்று தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பார்த்தேன். வளைவு. இடது கண்ணை வைத்தேன். நேர். வலது. வளைவு. இடது. நேர்.

ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே வை. ட்ரைபாட் அதே ட்ரைபாட். லென்ஸ் அதே லென்ஸ். ஸ்க்ரீன் அதே ஸ்க்ரீன்.  கேமராவுக்குள் மட்டும்தான் உலகம் கோணலாக இருந்தது. ஏனென்றால் கேமராவுக்குள் மட்டும்தான் நான் வலது கண்ணைத் தனியாக விட்டிருந்தேன். வெளியே வந்தால் இடது கண் எல்லாவற்றையும் நேராக்கிக் கொடுத்துவிடும்.

"இன்னொன்னு எடுக்கலியா?"

"வேணாம். வீட்டுக்குப் போலாம்."

"இன்னும் வெளிச்சம் இருக்குதே?"

"போலாம்னா போலாங்க!"

குன்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரில் ஏறியதிலிருந்து ஒரே ஆராய்ச்சி. இடது கண்ணை மூடி மின்கம்பத்தைப் பார்த்தேன். கம்பத்தின் நடுவில் ஒரு கூன். அடுத்த கம்பம். அதற்கும் கூன். ராணுவ மதில் மேல் இருக்கிற முள்கம்பி, எதிரே வருகிற பஸ்ஸின் நெற்றிக் கோடு, ஜீப்ரா கிராசிங். கண்ணை மூடி மூடித் திறந்தேன். ஒவ்வொன்றும் இந்தக் கண்ணுக்கு ஒரு மாதிரி, அந்தக் கண்ணுக்கு ஒரு மாதிரி.  கண்ணில் பொடி விழுந்ததால் வந்த தற்காலிகத் தொந்தரவு என்று ஒரு கம்பத்துக்கு நினைப்பேன். பொடி இன்றைக்கு விழுந்தது, வளைவு எத்தனையோ வாரமாக இருக்கிறதே என்று அடுத்த கம்பத்துக்கு நினைப்பேன்.

"யாரப் பாத்து கண்ணடிச்சிட்டு வர்ற?" என்றார் இவர். "எங்க ஏரியாவுல இதெல்லாம் கூடாது, ஆமா!"

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.  ஒரே ஒரு கதவு இன்னும் திறந்திருந்தது. அந்தப் படம் வீட்டில் போய் இறக்கும்போது கலங்கலாக இருந்தால்? அப்படியென்றால் இடது கண்ணாலும் ஃபோகஸ் பிடிபடவில்லை, தப்பு கேமராவில்தான் இருக்கிறது, எனக்கு ஒன்றுமில்லை. கேமராவைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாம். எத்தனை ஞாயிறு அந்தப் படம் தெளிவாக வரட்டும் என்று மீனாட்சியிலிருந்து மல்காஜ்கிரிப் பிள்ளையார் வரைக்கும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்! அதே வாயால் அன்றைக்கு, கலங்கி வரட்டும், தாயே, கலங்கி வரட்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தேன். அல்வாலில் சிக்னல் விழுந்தபோது இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அந்தக் கேமராவின் படங்கள் ஒவ்வொன்றும் ஆனை சைஸ். இறங்குவதற்கு நேரமாகும். நீலக் கோடு ஊர்ந்தது. இவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக வருகிறவர் இல்லை. கடைசிப் படமாயிற்றே என்று வந்திருந்தார்.

குன்று திரையில் விழுந்தது. அழகாக இருந்தது. நான் முழு அளவுக்குப் பெரிதாக்கி நடுப்பாறைக்குப் போனேன்.

முதலில் கட்டம் கட்டமாக இருந்தது. அப்புறம் ஒரு கணத்தில் எல்லாம் சேர்ந்துகொண்டது. மஞ்சள் எழுத்துகளின் ஓரத்தில் பிரஷ் மயிர் இழுத்த கீறல்கள் தெரிந்தன. பெயின்ட் வழிந்து காய்ந்த சொட்டு தெரிந்தது. எழுத்தின் குறுக்கே அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ஓணானின் வால் தெரிந்தது. கீழே சிவப்புப் பெருக்கல் குறியில் ஈரம் பளபளத்தது.

"ஹவ்! வந்துடுச்சு!" இவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். சின்னப் பிள்ளை மாதிரி அந்தத் தெலுங்கு விளம்பரத்தை வாய்விட்டுப் படித்தார். "தண்ணி கெடைக்கலைன்னா காசு வாபஸ்! பாரேன், இதுக்குக் கீழ இத்தனூண்டு எழுத்துல கண்டிஷன்லாம் போட்டிருக்கான் கேடிப்பய! அதுகூடத் தெரியுது!" என் தோளைப் பிடித்து உலுக்கினார். "நான் அப்பவே சொன்னேன்ல? கேமராவுல ஒரு தப்பும் இல்ல!"

"ஆமா," என்றேன். "அதுல ஒரு தப்பும் இல்ல."

என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. இவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்; துடைக்கக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்து என் இடது கண்ணின் மேல் வைத்துப் பொத்திக்கொண்டேன். வலது கண்ணால் அவரைப் பார்த்தேன். இத்தனை வருஷமாகப் பார்க்கிற முகம். ஓரமெல்லாம் சரியாக இருந்தது. நடுவில் மூக்கு ஒரு பக்கமாக வளைந்து, மீசை ஏறி இறங்கியது.

"நீங்க கோணலாத் தெரியிறீங்க," என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கையை என் கண்ணிலிருந்து எடுத்தார், திரையைப் பார்த்தார், மேஜையில் இருந்த கேமராவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிய எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். சினிமாவில் வில்லன் யார் என்று வீட்டுக்கு வந்து கேட்கிறவர். அன்றைக்கு ஒரு நொடி ஆகவில்லை.

"எத்தினி நாளா?"

"தெரியலீங்க. ஸ்க்ரீன் மாத்துனதிலேர்ந்து... அதுக்கு முன்னாடியேவும் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை, எந்தக் கண் டாக்டர் இருப்பார், நாளைக்குப் பார்க்கலாம், முதலில் டிபன் சாப்பிடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆச்சரியம், பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தவள் நான்தான்.  திரும்பிப் பார்த்தால் அறையில் அவர் இல்லை. ரயில் கிளம்பிய பிறகும் நடந்துதான் போவார் என்று அவர் வீட்டிலேயே அவரைக் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவர் வாசலில் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, என் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, காலில் செருப்புக்கூட இல்லாமல் தெருவில் நின்றுகொண்டிருந்தார்.